ஃபில்டர் திருப்திகரமாக இயங்குகிறது

என் மனைவியின் தம்பியை எங்கள் குடும்பத்தில் எல்லோரும் விளம்பி என்றுதான் கூப்பிடுவோம். உண்மை விளம்பி என்பதன் சுருக்கம். பாராட்டி வைத்த பெயர் என்று யாராவது நினைத்தால், அவனோடு ஒரு வாரம் குடியிருந்து பார்க்கட்டும். நான் பதினாலு மாதம் குடியிருந்தேன். சரியாகச் சொன்னால், அவன்தான் என் வீட்டில் குடியிருந்தான்.

பொய் சொல்ல வராது என்பது சிலருக்கு நல்ல குணம். அவனுக்கு அது வியாதி. முதல் வேலை கம்ப்யூட்டர் கடையில். புது மெஷின் வாங்க வந்த ஒரு பெரியவரிடம், பழசே இன்னும் மூன்று வருஷம் ஓடும், உள்ளே தூசி தட்டினால் போதும் என்று சொல்லி, தட்டியும் கொடுத்து அனுப்பினான். முதலாளி அவனையும் பின்னாலேயே அனுப்பினார். இரண்டாவது வேலை ஒரு பள்ளிக்கூடத்தில். பெற்றோர்கள் கம்ப்யூட்டர் அறையைச் சுற்றிப் பார்க்க வந்த அன்று, இருபது பெட்டியில் பதினொன்று வெறும் கூடு, உள்ளே ஒன்றும் கிடையாது என்பதை யாரும் கேட்காமலே சொன்னான். மூன்றாவது இடத்தில், உங்களிடம் என்ன குறை என்று இன்டர்வியூவில் கேட்டார்கள். அரை மணி நேரம் பதில் சொன்னான். அது வேலையாகவே ஆகவில்லை.

அதோடு அவன் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. நாலு வயது மகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனாள். சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை, நிபந்தனை போட்டுவிட்டுப் போனாள். நிரந்தர வேலைக்கான உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடு, அன்றைக்கே வருகிறேன் என்றாள். அவள் மேல் எள்ளளவும் தப்பில்லை. இவன் பையைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு, அதாவது என் வீட்டுக்கு, வந்து கூடத்து சோபாவில் படுத்தான். சோபா அவனைவிட ஒரு சாண் குட்டை. தினமும் மகளோடு போனில் பேசுவான். எப்ப வருவே என்று அவள் கேட்டால், தெரியாது என்பான். சீக்கிரம் வருகிறேன் என்று ஒரு குழந்தையிடம்கூடச் சொல்லத் தெரியாதவனை நான் என்ன செய்ய?

நான் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். உருளை, பெல்ட், பித்தான் தகடு, கதவுச் சக்கரம் எல்லாம் என் பொறுப்பு. என் கவுண்டருக்கு நேர் எதிரே புகார் அறை. எட்டுப் பேர் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எங்காவது லிஃப்ட் நின்றுபோனால் அங்கேதான் போன் வரும். ஒரு நாள் ஒரு லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே மூன்று பேரும் ஒரு ஃபிரிட்ஜும். புகார் அறையில் போனை எடுக்க வேண்டியவர் திரையில் சீட்டாடிக்கொண்டிருந்தார். நாற்பது நிமிஷம். மாட்டிக்கொண்டவர்களில் ஒருவர் எங்கள் எம்.டி.யின் மாமனார்.

மறுநாளே தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. யாரும் வேலை நேரத்தில் கண்ட கண்ட பக்கங்களைப் பார்க்கக் கூடாது, உடனே ஃபில்டர் போடுங்கள் என்று. மேனேஜர் ஆள் தேடினார். நான் என் மச்சானைச் சொன்னேன். அவனுக்கு வேலை வேண்டும், எனக்கு சோபா வேண்டும். முப்பது நாள் தற்காலிகம் என்று எடுத்துக்கொண்டார்கள். முப்பதாவது நாள் ஒரு படிவத்தில் ஒரே வரி: 'ஃபில்டர் திருப்திகரமாக இயங்குகிறது.' அதன் கீழே அவன் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் வேலை நிரந்தரம்.

பழைய ஜெராக்ஸ் அறையை அவனுக்கு ஒதுக்கினார்கள். கண்ணாடிக் கதவு. உள்ளே ஒரு கறுப்புப் பெட்டி, அதில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டான். ஆபீஸில் யார் இணையத்துக்குப் போனாலும் முதலில் இந்தப் பெட்டியிடம் வந்து கேட்க வேண்டும், இது போய் வாங்கிவந்து கொடுக்கும், இதற்கு ப்ராக்ஸி என்று பேர் என்றான். வாசலில் ஆள் நிறுத்துகிற மாதிரி. அந்த ஆளிடம் ஒரு பட்டியலைக் கொடுத்து, இந்த இடத்துக்கெல்லாம் யாரையும் விடாதே என்று சொல்லிவைப்பதுதான் ஃபில்டராம். பட்டியலை எங்கிருந்தோ இறக்கினான். பத்து லட்சத்துக்கு மேல் தளங்கள். உலகத்தில் இத்தனை கெட்ட இடங்கள் இருப்பது தெரியாமலே வயசாகிவிட்டதே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

திங்கட்கிழமை காலை மேனேஜர் சுற்றறிக்கை விட்டார். இன்று முதல் ஃபில்டர் இயங்குகிறது, தடை செய்த பக்கங்களைத் திறக்க முயல்கிறவர்களின் பெயர் பதிவாகும் என்று. அவ்வளவுதான். ஆபீஸே அடங்கிப்போனது. சீட்டாடியவர் முதல் மணிக்கே போனை எடுத்தார். ஹெட்செட் அக்கா என்று நாங்கள் கூப்பிடும் புகார் அறைத் தலைவி, இணையத்தில் செருப்பு பார்க்கிற பழக்கத்தை விட்டுவிட்டுப் பழைய புகார்களையெல்லாம் தூசி தட்டி முடித்தார். எனக்கும் ஒரு பழக்கம் உண்டு, மறைப்பானேன். கோலிகுண்டுகளைச் சரிவில் உருட்டிவிட்டுப் பந்தயம் நடத்தும் வீடியோ. மதியம் ஒரு பந்தயம் பார்க்காவிட்டால் எனக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. நானும் விட்டேன். மேனேஜருக்கு வாயெல்லாம் பல்.

அன்று சாயங்காலம் விளம்பி வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தான்.

"அத்தான், ஃபில்டர் ஓடல."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஓடாமலா இத்தனை பேர் ஒடுங்கிக் கிடக்கிறார்கள் என்றேன். அவன் விளக்கினான். அந்த ஃபில்டருக்கு ஒரு குணமாம். தன்னிடம் கொடுத்த பட்டியலைத் திறக்க முடியாவிட்டால் அது கத்தாது, கதவைச் சாத்தாது. அவசர நிலை என்று தனக்குள் ஒரு வரி எழுதிவைத்துக்கொண்டு, வருகிறவர்களை எல்லாம் உள்ளே விட்டுவிடும். காலையிலிருந்து அதைத்தான் செய்திருக்கிறது. ஆனால் யாரும் திறந்து பார்க்காததால் யாருக்கும் தெரியவில்லை. அறுபது பேர் இருக்கிற ஆபீஸில் ஒரே ஒருத்தன் ஒரே ஒரு பக்கத்தைத் தட்டியிருந்தால் திறந்திருக்கும்.

"அப்புறம் என்ன, யாருக்கும் தெரியாதுல்ல? அப்படியே விடு," என்றேன்.

அவன் என்னைப் பார்த்த பார்வையில், நான்தான் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பதினோரு வெறும் கூட்டை விற்றவன் போல இருந்தது.

அன்று தொடங்கிய வைத்தியம் பத்தொன்பது நாள் நடந்தது. தினமும் எங்கள் சாப்பாட்டு மேசையில்தான் ஆலோசனை. பட்டியல் இருக்கிற இடத்தைத் தப்பாக எழுதியிருக்கிறேனோ என்றான். எழுதவில்லை. ஃபில்டருக்கான கட்டளைகளை எழுதிவைத்த அமைப்பு ஃபைலில் எங்கோ ஓர் அடைப்புக்குறி மூடாமல் கிடக்கிறதோ என்று ஒன்பது பக்கம் அச்செடுத்து வந்து சாப்பிடும்போது உரக்கப் படித்தான். எல்லாம் ஒழுங்காக மூடியிருந்தது. நான்தான் வாய் மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று தடவை அழித்துவிட்டு மறுபடி போட்டான். நினைவகத்தை மாற்றினான். இதில் அவனைப் பைத்தியமாக்கியது ஒன்றுதான். அவன் கையால் சோதித்தால் ஃபில்டர் கச்சிதமாக, தடை, தடை என்று சொல்கிறது. அவன் எழுந்து போன மறு நிமிஷம் எல்லோருக்கும் கதவைத் திறந்துவிடுகிறது.

"என்னைக் கண்டா மட்டும் நடிக்குது அத்தான்," என்றான். குரலில் நிஜமான வலி. பொய் சொல்கிற மனிதர்களோடு மல்லுக்கட்டி ஓய்ந்தவனுக்கு இப்போது பொய் சொல்கிற மெஷினும் வாய்த்தது.

கண்டுபிடித்தது என் மனைவி. அவள் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் பதிவுப் பிரிவில் இருக்கிறாள். பத்தொன்பதாவது நாள், தட்டை எடுத்துக்கொண்டே சலிப்பாகக் கேட்டாள். "எங்க ஆஸ்பத்திரில பெரிய டாக்டர் கம்ப்யூட்டர்ல தொட்டா எல்லா ஃபைலும் திறக்கும், நாங்க தொட்டா திறக்காது. நீ யாரா உக்காந்துடா டெஸ்ட் பண்றே?"

விளம்பி கையைக்கூடக் கழுவாமல் எழுந்து நின்றான். லினக்ஸில் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு சொந்தக்காரன் உண்டாம். எல்லா அதிகாரமும் உள்ள எசமானுக்கு ரூட் என்று பேர். இவன் ரூட்டாக உட்கார்ந்து பட்டியலை இறக்கியிருக்கிறான், ஆகவே அது ரூட்டின் சொத்து. ரூட்டாகவே உட்கார்ந்து சோதித்தான், ஆகவே திறந்தது. ஆனால் ஃபில்டர் தினசரி ஓடுவது ப்ராக்ஸியின் பேரில், ஒரு சாதாரணக் கூலிக்காரனாக. அவனுக்கு அந்தப் பட்டியலைத் தொட உரிமை கிடையாது. வாசல் காவல்காரனிடம் யாரை விடக் கூடாது என்று எழுதிக் கொடுத்து, அதை எசமான் பீரோவில் வைத்துப் பூட்டிய கதை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஒரே ஒரு வரி தட்டி, பட்டியலை ப்ராக்ஸிக்கு எழுதிவைத்தான். ஃபில்டர் முதல் தடவையாக நிஜமாகவே ஓடியது. ஒன்பதேகாலுக்கு ஆபீஸ் நின்றது.

அந்தப் பட்டியல் யாரோ பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தயாரித்ததாம். எங்களுக்குப் பெல்ட் விற்கிற கம்பெனியின் பக்கம் அதில் தடை. ஏன் என்று இன்றுவரை தெரியாது. மெக்கானிக்குகளுக்கு வழி சொல்லப் புகார் அறையில் பார்க்கும் மேப், ஏதோ ஒரு வீடியோ தளத்தோடு ஒரே கூரையின் கீழ் இருந்ததால் அதற்கும் தடை. நாலு மெக்கானிக்குகள் நாலு திசையில் வழி தெரியாமல் சுற்றினார்கள். ஓர் அம்மாள் தன் நாயோடு லிஃப்டுக்குள் ஐம்பது நிமிஷம் நின்றார். எல்லாவற்றுக்கும் மேலே, தனக்கு மட்டும் விலக்கு உண்டு என்று நினைத்துக்கொண்டிருந்த மேனேஜர், வழக்கம்போல முடி வளர்க்கும் தைலத்தின் பக்கத்தைத் திறந்திருக்கிறார். பெரிய சிவப்புக் கை ஒன்று வந்து, இந்தப் பக்கம் உங்களுக்கு அனுமதியில்லை என்றது.

மேனேஜர் ஜெராக்ஸ் அறை வாசலில் நின்று கத்தியது என் கவுண்டர்வரை கேட்டது. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை யார் தொடச் சொன்னது என்றார். விளம்பி, இத்தனை நாள் ஓடவே இல்லை சார், இன்றைக்குத்தான் ஓடுகிறது என்றான். உங்கள் டெக்னிக்கல் எல்லாம் எனக்கு வேண்டாம், நேற்று எப்படி இருந்ததோ அப்படியே மாற்று என்றார். ஒரு வாரம் கொடுத்தால் பட்டியலைச் சீர் செய்கிறேன் என்று இவன் கெஞ்சியும் எடுபடவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்று நானும் முணுமுணுத்தேன். பதினோரு மணிக்குப் பட்டியல் மறுபடி ரூட்டின் சொத்தானது. ஃபில்டர் செத்தது. ஆபீஸ் பிழைத்தது. அந்தச் சிவப்புக் கையைக் கண்ணால் பார்த்த பயத்தில் எல்லோரும் முன்னைவிட ஒழுங்காக வேலை செய்தார்கள்.

முப்பதாவது நாள் வெள்ளிக்கிழமை. காலையிலேயே படிவம் வந்துவிட்டது. அவன் மனைவி முந்தின நாளே போன் செய்திருந்தாள். மகளுக்குப் பள்ளியில் சேர இங்கேயே, அம்மா வீட்டுப் பக்கத்திலேயே, இடம் கேட்கட்டுமா என்று கேட்டாளாம். கையெழுத்துப் போடுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? எங்கள் வீட்டுக் கேஸ் சிலிண்டர்க்காரருக்கு நான் அரை நொடியில் போடுவேன். இவன் பதினோரு மணிவரை அந்த ஒற்றை வரியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கையெழுத்துப் போடாமல், வேறொரு தாளில் எழுதினான். 'இந்த ஃபில்டர் இயங்கவில்லை. யாரும் எந்தப் பக்கத்தையும் தடையின்றிப் பார்க்கலாம்.' அதைக் கொண்டுபோய் மேனேஜரிடம் நீட்டினான்.

நானும் பின்னாலேயே போனேன். வாசலிலேயே நின்றேன். மேனேஜர் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். எழுந்துவந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"புரியுது. ஆளைப் பிடிக்கப் பொறி. எனக்கே தெரியக் கூடாது, அதானே? பெரிய ஆளுங்க நீங்க."

விளம்பி, இல்லை சார், நிஜமாகவே, என்று ஆரம்பித்தான். மேனேஜர் கண்ணடித்தார். அரை மணியில் அந்தத் தாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது.

அதைப் படித்தவர்கள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இது பொறி என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. சீட்டாடிய மனிதர் தன் கைபேசியையும் கொண்டுவந்து ஜெராக்ஸ் அறையில் ஒப்படைத்தார். ரிசப்ஷன் பெண் இன்றைக்கு என்ன தேதி என்பதைக் கம்ப்யூட்டரில் பார்க்காமல் என்னிடம் வந்து கேட்டுவிட்டுப் போனாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். விளம்பி ஒவ்வொரு மேசையாகப் போய்ச் சொல்லிப் பார்த்தான். ஹெட்செட் அக்காவிடம் கிட்டத்தட்டக் கும்பிட்டான். அக்கா, நிஜமாக ஓடவில்லை, எதை வேண்டுமானாலும் திறந்து பாருங்கள் என்று. அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு சார். என்னை விட்டுடுங்க."

மணி நாலரை. படிவம் ஐந்து மணிக்குள் தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டும். அவன் என் கவுண்டருக்கு வந்து கதவுச் சக்கரப் பெட்டியின் மேல் உட்கார்ந்தான். முகம் விழுந்துகிடந்தது. பிறந்ததிலிருந்து உண்மையைச் சொல்லி அடி வாங்கியவன், இன்றைக்கு முதல் தடவையாக உண்மையைச் சொல்லி ஒருவரும் நம்பாமல் உட்கார்ந்திருந்தான். எனக்கு வந்த கோபத்தில், இவ்வளவு சொல்லியாயிற்று, பலகையிலும் ஒட்டியாயிற்று, இனிமேல் எவன் உன்னைப் பொய்யன் என்பான், கையெழுத்துப் போட்டுத் தொலை, பெண்டாட்டி பிள்ளை வந்து சேரட்டும் என்று பொரிந்தேன்.

"ஓடாததை ஓடுதுன்னு எப்படி அத்தான் எழுதறது?" என்றான். பிறகு தலை நிமிர்ந்தான். "உங்களுக்குத் தெரியும்ல? நீங்க ஒண்ணைத் திறங்க. எல்லாரும் பாக்கட்டும். அப்ப நம்புவாங்க."

எனக்குத் தெரியும்தான். என்னைவிட யாருக்குத் தெரியும்? இத்தனை நாள் என் மேசையில், என் சாப்பாட்டோடு சேர்த்து அதைத் தின்றவன் நான். ரூட்டையும் பட்டியலையும் தூக்கத்தில் கேட்டால்கூடச் சொல்வேன். சரி, பார்க்கலாம் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். கோலிப் பந்தயத்தின் பக்கத்தைத் தேடி எடுத்தேன். சுட்டியைக் கொண்டுபோய் அதன் மேல் வைத்தேன். புகார் அறையில் எட்டுத் தலைகள் திரும்பின. மேனேஜர் தன் அறை வாசலுக்கு வந்து நின்றார். விளம்பி என் பின்னால் நின்றான்.

என் விரல் அழுத்தவில்லை.

ஒருவேளை அவன் நேற்று பட்டியலைச் சரிசெய்துவிட்டிருந்தால்? ஒருவேளை பேர் மட்டும் பதிவாகிறதென்றால்? ஒருவேளை இந்த முப்பது நாளும் அவன் என்னைத்தான் சோதித்துக்கொண்டிருந்தால்? சுட்டி என் உள்ளங்கையில் வழுக்கியது. பக்கத்தை மூடிவிட்டு, ஒரு ரோலர் கணக்கு பார்க்க வேண்டியிருக்கிறது என்று ஏதோ உளறினேன். மச்சானின் வேலை போய்விடக் கூடாதே என்றுதான் அழுத்தவில்லை என்று பின்னால் என் மனைவியிடம் சொன்னேன். அது பொய். அந்த நிமிஷத்தில் அவன் வேலை என் நினைவிலேயே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

விளம்பி என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபித்துக்கொள்வான் என்று நினைத்தேன். அவன் முகம் மெதுவாகத் தெளிந்தது. ஒன்பது பக்கம் படித்தும் கிடைக்காத அடைப்புக்குறி கிடைத்துவிட்டவன் மாதிரி என் கவுண்டர் மேலிருந்த பேனாவை எடுத்தான். படிவத்தை மடிப்பு நீவி விரித்து, அந்த ஒற்றை வரியின் கீழே, நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டான்.

ஐந்து மணிக்கு மேனேஜர் நிரந்தர உத்தரவைக் கொடுத்தார். அவன் என் கவுண்டரிலிருந்தே மனைவிக்குப் போன் போட்டான். அவளுக்கும் இவனைத் தெரியாதா? வாழ்த்துக்கூடச் சொல்லாமல், என்னவென்று எழுதிக் கையெழுத்துப் போட்டாய் என்றுதான் கேட்டிருக்கிறாள். இவன் வரியைப் படித்துக் காட்டினான்.

"நிஜமா ஓடுதா?" என்று அவள் கேட்டது எனக்கே கேட்டது.

"ஓடுது. அத்தானே பயந்துட்டாரு."

அந்தப் பக்கம் அவள் மகளைக் கூப்பிட்டு, செருப்பை மாட்டு என்றாள்.